மர வாத்து செதுக்குவதும் சேர்ப்பதும்: எங்கிருந்து தொடங்கலாம்?

உங்கள் கேள்வியில் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. நியூ ஜெர்சியில் யாரோ வீட்டைக் காலி செய்து சாமான்களை விற்ற இடத்தில் பழைய மர வாத்து ஒன்றைப் பார்த்தீர்கள், அடியில் ஈயம் பதித்திருக்கிறது, கழுத்தைச் சுற்றி விரிசல் ஓடுகிறது, 140 டாலர் கேட்கிறார்கள், வாங்கலாமா என்பது ஒன்று. தச்சு வேலையே தெரியாத ஒருவர் வீட்டு கராஜில் உட்கார்ந்து இப்படி ஒன்றைச் செதுக்கக் கற்றுக்கொள்ள முடியுமா என்பது இன்னொன்று. முடியும். சேர்க்க ஆசைப்படுகிறவர்களிடம் நான் எப்போதும் சொல்வதும் அதுதான்: பெரிய பணம் போட்டு ஒன்றை வாங்கும் முன், சுமாராகவாவது ஒன்றைச் செதுக்கி, பெயிண்ட் அடித்து, தண்ணீரில் விட்டுப் பாருங்கள். அதற்கப்புறம் பழைய வாத்தைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாலே, செய்தவர் எந்த இடத்தில் எதற்காக எப்படி முடிவெடுத்தார் என்பது புரியத் தொடங்கிவிடும். புத்தகம் படித்து அந்தப் பழக்கம் வருவதற்கு ரொம்ப நாள் ஆகும்.

முதலில் இது என்ன பொருள் என்பதில் தெளிவு வேண்டும். டிகாய் என்று சொல்லப்படும் இந்த வாத்து அலமாரியில் வைப்பதற்காகச் செய்யப்பட்டதல்ல, வேட்டைக்கான கருவி. வானத்தில் பறக்கும் வாத்துக் கூட்டம், கீழே தன் இனம் நிம்மதியாக மிதப்பதைப் பார்த்தால் அங்கே ஆபத்தில்லை என்று நம்பி இறங்கும். அந்த நம்பிக்கையை உண்டாக்குவதுதான் இதன் வேலை. வெள்ளைக்காரர்கள் கண்டுபிடித்ததும் அல்ல. நெவாடாவில் லவ்லாக் என்ற குகையில் 1924-இல் நடந்த அகழாய்வில், கோரையை வளைத்துக் கட்டிய 11 வாத்துகள் ஒரு குழிக்குள் பத்திரமாக வைத்தபடியே கிடைத்தன, அவற்றில் பெரும்பாலானவை நிறம் தீட்டி, இறகு செருகியவை. ஏறக்குறைய 2,000 ஆண்டுப் பழமை. அந்தப் பகுதியின் பூர்வகுடிகள் செய்தவை. அவை கேன்வாஸ்பேக் என்ற இனம் என்று இன்றைக்கும் பார்த்தவுடன் சொல்லிவிடலாம், அவ்வளவு சரியாகத் தலையின் சரிவைப் பிடித்திருக்கிறார்கள். எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த பொருள் எது என்று கேட்டால் லட்சக்கணக்கில் விலைபோகும் எதையும் சொல்ல மாட்டேன், இந்தக் கோரை வாத்தைத்தான் சொல்வேன்.

மர வாத்து பெருகியது 19-ஆம் நூற்றாண்டில். ரயில் வந்தபிறகு, அமெரிக்காவின் கிழக்குக் கரையில் இருக்கும் செசபீக் விரிகுடாவில் காலையில் சுட்ட வாத்தை ஐஸில் அடுக்கிப் பெரிய நகரத்து ஹோட்டல்களுக்கு அனுப்ப முடிந்தது. சஸ்குஹானா ஆறு விரிகுடாவில் கலக்கும் ஆழமில்லாத பரப்பில் காட்டு செலரி என்ற நீர்த்தாவரம் மண்டிக் கிடந்தது, அதைத் தின்று கொழுத்த கேன்வாஸ்பேக்குக்கு அப்படி ஒரு கிராக்கி. வேட்டைக்காரர் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இறங்கியிருக்கும் ஒரு மரப்பெட்டிக்குள் மல்லாந்து படுத்திருப்பார், சுற்றிலும் நூற்றுக்கணக்கில் மர வாத்துகள் மிதக்கும். ஒரு பெட்டிக்கே அத்தனை வேண்டுமென்றால் அந்த விரிகுடா முழுவதற்கும் எவ்வளவு தேவைப்பட்டிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அவற்றைச் செய்தவர்கள் மீனவர்கள், படகு கட்டுபவர்கள், முடிதிருத்துபவர்கள். குளிர்காலத்தில் கைச்செலவுக்காக டஜன் கணக்கில் செய்து விற்றார்கள். யாரும் தன்னைக் கலைஞன் என்று நினைத்துக்கொண்டு செய்யவில்லை. இப்படிச் சுட்டுத்தள்ளியதில் பறவைகள் குறைந்துபோய், 1918-இல் வந்த வலசைப் பறவைகள் சட்டம் வாத்தைச் சுட்டுச் சந்தையில் விற்பதை முடிவுக்குக் கொண்டுவந்தது. 1935-இல் அந்த மரப்பெட்டிக்கும், உயிருள்ள வாத்தைக் கட்டிவைத்து ஏமாற்றுவதற்கும் தடை வந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பிளாஸ்டிக் வாத்து மலிவாகக் கிடைக்கவே மர வாத்துகள் பரணுக்கும் அடுப்புக்கும் போயின.

அவை மிச்சமிருப்பதற்கு முக்கியக் காரணம் ஜோயல் பார்பர் என்ற நியூயார்க் கட்டடக் கலைஞர். 1918 வாக்கில் சேர்க்க ஆரம்பித்தவர், 1934-இல் இதைப் பற்றிய முதல் புத்தகத்தையும் எழுதினார். அவருடைய சேகரிப்பு இப்போது வெர்மான்ட் மாநிலத்தில் ஷெல்பர்ன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வாய்ப்புக் கிடைத்தால் போய்ப் பாருங்கள்.

இனி நீங்கள் கற்றுக்கொள்ள வேண்டியதில் ஆக முக்கியமானது. ஒரு வாத்தின் வடிவத்தைத் தீர்மானித்தது செய்தவரின் ரசனை மட்டுமல்ல, அது மிதந்த தண்ணீரும்தான். உங்கள் நியூ ஜெர்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். பார்னகாட் விரிகுடாவில் வேட்டைக்காரர்கள் ஒருவர் படுக்கிற அளவுக்குச் சின்னதாக, தட்டையான படகில் போவார்கள். அதில் ஆளும் துப்பாக்கியும் போக மிச்ச இடத்தில்தான் வாத்துகளை ஏற்ற வேண்டும், எடை கூடினால் படகு தாங்காது. அதனால் வெள்ளை சீடர் மரத்தில் மேல்பாதி கீழ்பாதி என்று இரண்டாகச் செய்து, உள்ளே குடைந்து, ஒட்டி மூடினார்கள். டக்கர்டனில் இருந்த ஹாரி ஷோர்ட்ஸ் (1861–1920) இந்த வகையில் பெரிய பெயர். முடிதிருத்தும் நாற்காலியில் சவரத்துக்கு உட்கார்ந்து எழுவதற்குள் ஒரு தலையைச் செதுக்கிவிடுவார் என்று அந்தப் பக்கத்தில் சொல்வார்கள். அடியில் நீள்சதுரமாகக் குழி வெட்டி ஈயத்தை உருக்கி ஊற்றி, மரத்தோடு மட்டமாக்குவது அந்த வட்டாரத்துப் பழக்கம்.

அங்கிருந்து தெற்கே சஸ்குஹானா பக்கம் போனால் கதையே வேறு. பெரிய படகு, நூற்றுக்கணக்கில் வாத்து, எடை ஒரு பொருட்டில்லை. அதனால் குடையாத முழுக் கட்டை, உருண்ட உடல், எளிமையான பெயிண்ட். வடக்கே மெய்ன் கடற்கரையில் அலை அதிகம், எனவே அகலமான தட்டை உடல். கழுத்தை மேலே ஒட்டாமல் உடலில் பள்ளம் வெட்டி அதற்குள் இறக்கியிருப்பார்கள், கடலில் முரட்டுத்தனமாகப் புழங்கினாலும் தலை கழன்றுவராது. கனெக்டிகட்டில் ஸ்ட்ராட்ஃபோர்டு பக்கத்து வாத்துகளுக்கு நெஞ்சு முன்னால் தள்ளி, தண்ணீருக்கு மேலே எடுப்பாக நிற்கும். குளிர்காலத்தில் ஆற்றில் மிதந்துவரும் ஐஸ் கூழ் வாத்தின் முதுகில் ஏறாமல் நெஞ்சுக்குக் கீழே போவதற்காக அப்படி. இல்லினாய் ஆற்றில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருப்பதால் அடிப்பாகம் சற்று கூராக இருக்கும், உள்ளே குடைந்திருக்கும், பெயிண்ட் வேலை ரொம்ப நுணுக்கமாக இருக்கும். அந்த நுணுக்கத்தில் பெண்களுக்குப் பெரிய பங்கு உண்டு. ராபர்ட் எலிஸ்டன் செதுக்கியதற்கு அவர் மனைவி கேத்தரின் நிறம் தீட்டினார், சார்லஸ் பெர்டியூ செதுக்கியவற்றில் நிறைய அவர் மனைவி எட்னா தீட்டியவை. ஏலத்தில் கணவன் பெயர்தான் பெரிதாகப் போடுகிறார்கள், எனக்கு அது சரியாகப் படவில்லை.

சரி, செதுக்குவது. முதல் வாத்துக்கு மல்லார்டு வேண்டாம். எல்லோருக்கும் தெரிந்த வாத்து என்பதால் அதில்தான் ஆரம்பிக்கத் தோன்றும், ஆனால் அதன் நிறங்கள் கடினம். ப்ளூபில் என்ற இனத்தின் ஆண் வாத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தலை, நெஞ்சு, வால் கருப்பு, விலா வெள்ளை, முதுகு மட்டும் சாம்பலில் நெளிநெளியாகக் கோடுகள், அலகு நீலம், கண் மஞ்சள். உடலும் குட்டையாக உருண்டு இருக்கும். உடலுக்கு சுமார் 12 அங்குல நீளம், 6 அங்குல அகலம், 4 அங்குல கனத்தில் ஒரு கட்டை போதும். வெள்ளை சீடர் கிடைத்தால் நல்லது, இல்லையென்றால் வெள்ளை பைன், பாஸ்வுட். லூசியானாக்காரர்கள் சைப்ரஸ் வேரையும் டுபெலோவையும் பயன்படுத்துவார்கள். சிவப்பு சீடர் மலிவாகக் கிடைக்கும், ஆனால் அதன் தூசி சிலருக்கு ஆஸ்துமாவைக் கொண்டுவரும், எனவே மாஸ்க் இல்லாமல் தொடவே வேண்டாம். சொல்லப்போனால் எந்த மரத்துக்கும் மாஸ்க் போடுங்கள். நம் ஊரிலிருந்து கேட்கிற யாராவது இதைப் படித்தால், குமிழ் மரம் எடை குறைவு, உளிக்கு இணங்கிக் கொடுக்கும், அதில் ஆரம்பிக்கலாம்.

கட்டையில் பக்கவாட்டுத் தோற்றத்தையும் மேலிருந்து பார்க்கும் தோற்றத்தையும் அட்டை வைத்து வரைந்துகொள்ளுங்கள். பேண்ட் சா என்ற மின்பட்டை ரம்பம் இருக்கிற நண்பர் யாராவது இருந்தால் இரண்டு தோற்றத்தையும் அறுத்து வாங்கிவிடலாம், கைரம்பத்தாலும் கைக்கோடரியாலும் கூடச் செய்யலாம், நேரம்தான் பிடிக்கும். அப்புறம் நடுக்கோடு. மேலேயும் கீழேயும், மூக்கிலிருந்து வால்வரைக்கும், பென்சிலால் அழுத்தமாக ஒரு கோடு. சீவச்சீவ அது அழியும், அழிந்ததும் மறுபடி போட வேண்டும். இதில் சோம்பல் பட்டால் வாத்து ஒரு பக்கம் சாய்ந்துபோகும், பின்னால் எவ்வளவு உப்புத்தாள் தேய்த்தாலும் சரிசெய்ய முடியாது. சீவுவதற்கு இரண்டு முனையிலும் கைப்பிடி வைத்த, தன் பக்கமாக இழுத்து வெட்டுகிற கத்தி ஒன்று, ஒரு ஸ்போக்‌ஷேவ் (வளைவுகளைச் சீவும் சின்ன இழைப்புளி), ஒரு முரட்டு மர அரம், நல்ல செதுக்குக் கத்தி, இவ்வளவு போதும். கட்டையை வைஸில் இறுக்கி வைத்து, உடலின் மிக அகலமான இடத்திலிருந்து தலைப்பக்கமும் வால்பக்கமும் நோக்கிச் சீவுங்கள். எதிர்த்திசையில் சீவினால் கத்தி மரத்தின் நாருக்குள் புகுந்து பெரிய சிம்பாகப் பிய்த்துக்கொண்டு வரும். கத்தி பிடிக்காத கைக்கு வெட்டுப்படாத கையுறை அவசியம். மழுங்கிய கத்திதான் ஆபத்து, ஏனென்றால் அதை அழுத்த வேண்டியிருக்கும், அழுத்தினால் வழுக்கும்.

தலையைத் தனியாகச் செய்ய வேண்டும். இதில் ஒரே ஒரு விதி: மரத்தின் நார் அலகின் நீளவாக்கில் ஓட வேண்டும். கழுத்தின் நிற்கும் திசையில் நாரை வைத்துவிட்டால் அலகு நாருக்குக் குறுக்கே நிற்கும், ஒருமுறை கீழே விழுந்தால் முறிந்துவிடும். நாரைச் சரியாக வைத்தாலும் கழுத்துதான் மெலிந்த இடம், அதற்காகவே நடுவில் ஒரு மரக்குச்சியோ நீண்ட ஸ்க்ரூவோ இறக்கி எபாக்ஸி போட்டு உடலோடு இணைப்பார்கள். தலையை நேராகவே பொருத்த வேண்டும் என்றில்லை, ஒரு பக்கமாகக் கொஞ்சம் திருப்பினாலே உயிர் வந்துவிடும். முகத்தைச் செதுக்கும்போது கன்னத்துக்கும் கண்ணுக்கும் நேரம் கொடுங்கள். வாத்தின் கண் நாம் நினைப்பதைவிட மேலேயும் பின்னாலேயும் இருக்கும், இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில் இருக்கிறதா என்று முன்னாலிருந்தும் மேலிருந்தும் பார்க்க வேண்டும். கண்ணாடிக் கண்கள் மில்லிமீட்டர் கணக்கில் விற்கிறார்கள், இந்த வாத்துக்கு 9 அல்லது 10 வாங்கிக்கொள்ளுங்கள். குழிக்குள் மக்கு வைத்து, கண்ணை அழுத்தி, பிதுங்குகிற மக்கையே இமையாக வழித்துவிடலாம்.

முதல் வாத்தைக் குடைய வேண்டாம், முழுக் கட்டையாகவே இருக்கட்டும். அடுத்ததில் பார்னகாட் முறையில் இரண்டாகப் பிளந்து, சுவர் அரை அங்குலம் இருக்கும்படி குடைந்து பாருங்கள். எடை குறைவதோடு, காய்ந்து வெடிக்கும் சிக்கலும் குறையும். முழுக் கட்டையில் வெளிப்பக்கம் சீக்கிரம் காய்ந்து சுருங்கும், உள்ளே ஈரம் இருக்கும், அந்த இழுபறியில்தான் நீளவாக்கில் விரிசல் விடுகிறது.

பெயிண்ட் அடிப்பதற்கு முன்னால் மரத்துக்குள் தண்ணீர் இறங்காமல் தடுக்கும் சீலரை ஒரு கை பூசிவிட்டுக் குளியல் தொட்டியில் விடுங்கள். எனக்கு இந்தக் கட்டம்தான் எப்போதும் சந்தோஷம். ஒரு பக்கம் சாயும், அல்லது மூக்கைத் தண்ணீரில் குத்திக்கொள்ளும். ஒரு ஈயத் துண்டை ரப்பர் பேண்டால் அடியில் கட்டி, முன்னும் பின்னும் நகர்த்தி, எந்த இடத்தில் வாத்து சமமாக உட்காருகிறதோ அந்த இடத்தைக் குறித்துக்கொண்டு ஸ்க்ரூ போட்டுவிடலாம். பிறகு தலைகீழாகத் தண்ணீரில் போட வேண்டும், தானாகவே நிமிர வேண்டும். வேட்டைக்குச் செய்கிறவர்களுக்கு இது கட்டாயச் சோதனை, இருட்டோடு இருட்டாகப் படகிலிருந்து வீசுகிறவர் ஒவ்வொன்றையும் குனிந்து நிமிர்த்திக்கொண்டிருக்க முடியாது. ஈயத்தை நீங்களே உருக்கி ஊற்றும் வேலை மட்டும் வேண்டாம். வீட்டில் குழந்தைகள் இருந்தால் கண்டிப்பாக வேண்டாம், அதன் புகையும் தூசியும் நஞ்சு. அச்சில் வார்த்த எடைகளே விற்பனைக்குக் கிடைக்கின்றன, அதைத் தொட்ட பிறகும் கையைக் கழுவுங்கள்.

பெயிண்டில் முதல் விதி, பளபளப்பு கூடாது. வெயிலில் மின்னினால் நிஜ வாத்து கிட்டே வராது என்பதால் பழைய ஆட்கள் மங்கலான ஆயில் பெயிண்டைத்தான் பயன்படுத்தினார்கள். இப்போது நிறையப் பேர் அக்ரிலிக்குக்கு மாறிவிட்டார்கள், சீக்கிரம் காயும், நாற்றமில்லை. ஆனாலும் முதுகுக்கு ஆயிலையே சொல்வேன், காரணம் சீப்பு. ப்ளூபில்லின் முதுகில் வெள்ளையை அடித்து நன்றாகக் காயவிட்டு, அதன்மேல் கருஞ்சாம்பலை மெல்லிசாகப் பூசி, அது ஈரமாக இருக்கும்போதே பல் நெருக்கமான ஒரு ரப்பர் அல்லது உலோகச் சீப்பை வைத்துக் கையை லேசாக நடுக்கியபடி இழுக்க வேண்டும். மேல்பூச்சு வழிந்து விலகி அடியிலிருக்கும் வெள்ளை நெளிந்த கோடுகளாக வெளியே வரும். ஒரே இழுப்பில் ஐம்பது கோடுகள். ஒவ்வொரு இழுப்புக்கும் சீப்பைத் துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் பெயிண்ட் பற்களுக்கிடையே அடைத்துக்கொண்டு கோடுகள் ஒன்றோடொன்று சேர்ந்துவிடும். பிடிக்கவில்லையா, துணியால் துடைத்துவிட்டு மறுபடி பூசி மறுபடி இழுக்கலாம், ஆயில் அதற்கு நேரம் கொடுக்கும். இந்த வேலையை நீங்கள் கையால் செய்துவிட்டால், ஒரு பழைய வாத்தின் முதுகில் இருப்பது முதலில் இழுத்த சீப்புக்கோடா, அல்லது பின்னாளில் யாரோ பிரஷ்ஷால் ஒவ்வொன்றாக வரைந்ததா என்று தெரிந்துவிடும்.

இப்போது நீங்கள் பார்த்த வாத்துக்கு வருவோம். எதையும் வாங்கும் முன் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். அடியில் மெத்தென்று ஃபெல்ட் துணி ஒட்டியிருந்தால், அலகு பித்தளையில் இருந்தால், உடல் முழுக்க வார்னிஷ் பளபளத்தால், அது வரவேற்பறைக்காகச் செய்த பொருள். அழகாக இருக்கிறதென்று வாங்கலாம், பழைய டிகாய் என்று வாங்கக்கூடாது. நிஜமாகத் தண்ணீரில் இருந்ததென்றால் ஈயம் இருக்கும், நங்கூரக் கயிறு கட்ட ஒரு வளையமோ தோல் துண்டோ, குறைந்தது அது இருந்த ஆணித் துளையோ இருக்கும். வேட்டைக்காரரோ வேட்டைச் சங்கமோ சூடுபோட்ட முதலெழுத்துகள் இருக்கலாம். அது பெரும்பாலும் வைத்திருந்தவரின் பெயர், செய்தவரின் பெயரல்ல, விற்கிறவர்களே இதைக் குழப்பிக்கொள்வதுண்டு. மாசசூசெட்ஸின் எல்மர் க்ரோவெல் போன்ற சிலர்தான் தங்கள் முத்திரையைக் குத்தினார்கள். அவருடையதில் நீள்வட்ட முத்திரை முந்தியது, நீள்சதுர முத்திரை பிந்தியது.

தேய்மானம் எங்கே என்று பாருங்கள். படகில் அள்ளிப் போட்டதும் சாக்கில் உரசியதும் அலகு நுனியிலும் வால் நுனியிலும் தலை உச்சியிலும் விலாவின் புடைத்த இடத்திலும் தெரியும். கயிற்றைச் சுற்றிச்சுற்றி வைத்ததில் கழுத்திலோ உடலிலோ ஒரு தடம் விழுந்திருக்கும். அலகின் கீழ்ப்பக்கம், கழுத்துக்கடியில் இருக்கும் மடிப்பு போன்ற கை படாத இடங்களில் பெயிண்ட் கொஞ்சம் புதிதாகவே இருக்க வேண்டும். உடல் முழுக்க ஒரே சீராகத் தேய்ந்திருந்தால் யாரோ உப்புத்தாள் போட்டிருக்கிறார்கள். பிலிப்ஸ் தலை ஸ்க்ரூ 1930-களின் நடுவில்தான் சந்தைக்கு வந்தது, ஆகவே அது இருக்கிற வாத்தை 1900 என்று யாராவது சொன்னால், ஒன்று பின்னால் பழுது பார்த்திருக்கிறார்கள், இல்லையென்றால் சொல்வது சரியில்லை. முடிந்தால் ஒரு புறஊதா டார்ச் கொண்டுபோங்கள், அந்த வெளிச்சத்தில் பழைய பெயிண்டும் புதிதாகத் தொட்ட இடமும் பெரும்பாலும் வேறு வேறாகத் தெரியும். பெரிய ஏல நிறுவனங்கள் எக்ஸ்ரே கூட எடுக்கின்றன, ஒட்டுப்போட்ட அலகும் புது ஆணியும் அதில் மறைய முடியாது.

கழுத்து விரிசல் உங்களைப் பயமுறுத்த வேண்டாம். தலையும் உடலும் இரண்டு தனித் துண்டுகள், ஒவ்வொன்றும் தன் போக்கில் சுருங்கி விரியும், போதாததற்கு எல்லோரும் தலையைப் பிடித்துத்தான் தூக்குகிறார்கள். 1896 முதல் 1924 வரை டெட்ராய்ட்டில் இயங்கிய மேசன் தொழிற்சாலையின் வாத்துகளில் கழுத்து இணைப்பை மக்கு வைத்து மூடியிருப்பார்கள், அந்த மக்கு உதிர்ந்துபோய் இடைவெளி தெரிவது சர்வசாதாரணம். விலையைக் குறைப்பது பெரும்பாலும் விரிசல் அல்ல, மேலே அடித்த பெயிண்ட். முதலில் தீட்டிய நிறம் அப்படியே இருக்கும் வாத்துக்கும், நல்லெண்ணத்தோடு ஒரு தாத்தா சீசனுக்கு சீசன் பூசிவைத்த வாத்துக்கும் விலையில் பத்து மடங்கு வித்தியாசம்கூட வரலாம். அதனால்தான் எதை வாங்கினாலும் தேய்க்காதீர்கள், கழுவாதீர்கள், பாலிஷ் போடாதீர்கள். மெல்லிய பிரஷ்ஷால் தூசி தட்டினால் போதும்.

நீங்கள் அனுப்பிய படத்தில் ஈயம் நீள்சதுரக் குழிக்குள் மட்டமாக ஊற்றப்பட்டிருக்கிறது, விலாவில் நெடுக ஒரு இணைப்புக் கோடும் தெரிகிறது. இரண்டும் சேர்ந்தால் அது பார்னகாட் வகைக் குடைவு வாத்தாக இருக்க நல்ல வாய்ப்பு. கையில் எடுத்துப் பாருங்கள், அளவுக்குப் பொருந்தாமல் லேசாக இருந்தால் உள்ளே வெற்றிடம்தான். யார் செய்தது என்று படத்தை வைத்துச் சொல்ல மாட்டேன், அந்தக் கரையில் நிறையப் பேர் ஒரே பாணியில் செய்தார்கள். முதுகில் பிற்காலப் பூச்சு இருப்பதுபோல் படுகிறது. அப்படியிருந்தாலும், அலகு உடையாமல் இருந்து தலையும் அதனுடையதேயென்றால் 140 டாலர் நியாயமான விலை என்றே நினைக்கிறேன். லாபம் பார்ப்பதற்காக என்றால் வேண்டாம். உங்கள் ஊர்த் தண்ணீரில் மிதந்த ஒரு பொருள் வீட்டில் இருக்க வேண்டும், அதைப் பார்த்துச் செதுக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றால் தாராளமாக வாங்குங்கள்.

விலை பற்றி ஒரு வார்த்தை. 2007-இல் க்ரோவெல் செய்த இரண்டு வாத்தினப் பறவைகள், அலகால் இறகைக் கோதும் ஊசிவால் வாத்து ஒன்றும் ஓய்வெடுக்கும் கனடா வாத்து ஒன்றும், தலா 11.3 லட்சம் டாலருக்கு விற்றன. செய்தியில் வருவது இதுதான், ஆனால் இந்த ஆர்வத்தின் நடுப்பகுதி வேறு. மேரிலாந்தில் ஹாவ்ர் டி கிரேஸ் என்ற சின்ன ஊரில் மேடிசன் மிட்செல் (1901–1993) இறுதிச்சடங்கு நிறுவனம் நடத்தியபடியே ஆயிரக்கணக்கில் வாத்து செய்தார், பல இளைஞர்களுக்குக் கற்றும் கொடுத்தார். அவருடைய நல்ல வாத்துகள் இன்னமும் சில நூறு டாலருக்குக் கிடைக்கும். அதே மாநிலத்தில் கிறிஸ்ஃபீல்டு ஊரில் முடிதிருத்தும் கடை வைத்திருந்த லெம் வார்டு, ஸ்டீவ் வார்டு சகோதரர்களின் வாத்துகள் அந்த எல்லையைத் தாண்டி எப்போதோ போய்விட்டன. தொடங்குகிறவர் ஒரே வட்டாரத்தையோ ஒரே இனத்தையோ எடுத்துக்கொண்டு அதில் ஆழமாகப் போவதுதான் நல்லது. அங்கொன்று இங்கொன்று என்று பத்து சுமாரான வாத்துகளை வாங்குகிற பணத்தில், முதல் பெயிண்ட் கெடாத ஒன்றை வாங்கலாம்.

வேட்டை பிடிக்காது என்று எழுதியிருந்தீர்கள். எனக்கும் சுடுவதில் ஆர்வமில்லை, இந்த உலகத்துக்குள் வர அது தேவையுமில்லை. ஆனால் அந்த ஆட்களை ஒதுக்கிவிடாதீர்கள், வாத்தைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. வாத்து வேட்டைக்குப் போக 1934-லிருந்து அவர்கள் வாங்க வேண்டியிருக்கும் வாத்து ஸ்டாம்ப் என்ற அரசு முத்திரையின் பணத்தில்தான் எத்தனையோ சதுப்பு நிலங்கள் வாங்கிப் பாதுகாக்கப்பட்டிருக்கின்றன.

ஒரு எச்சரிக்கை: நிறம் பார்ப்பதற்காகப் பூங்காவில் கிடக்கும் இறகுகளைப் பொறுக்கிக்கொண்டு வராதீர்கள். வலசைப் பறவையின் இறகை வைத்திருப்பதே அந்த 1918 சட்டத்தின்படி குற்றம், சட்டப்படி வேட்டையாடிய வாத்துகளுக்குத்தான் விதிவிலக்கு. புகைப்படம் எடுங்கள், பைனாகுலர் வைத்துப் பாருங்கள். ஊருக்குப் போகும்போது குளிர்காலமாக இருந்தால் பள்ளிக்கரணைப் பக்கம் ஒரு காலை நேரம் போய்வாருங்கள், ஊசிவால் வாத்து அங்கேயும் வரும். அமெரிக்காவில் நூறு வருஷமாகச் செதுக்குகிற அதே இனம், கழுத்தில் ஏறும் அந்த வெள்ளைக் கோட்டை நேரில் பார்த்துவிட்டால் வரைவது சுலபம்.

உங்களுக்குக் கிட்டே டக்கர்டனில் செப்டம்பரில் டிகாய் கண்காட்சி நடக்கும், செதுக்குகிறவர்கள் கருவிகளோடு வருவார்கள், கேட்டால் சொல்லிக்கொடுப்பார்கள். காரில் போகிற தூரத்தில் ஹாவ்ர் டி கிரேஸ் டிகாய் அருங்காட்சியகம் இருக்கிறது. நவம்பரில் மேரிலாந்தின் ஈஸ்டனில் 1971-இலிருந்து நடக்கும் வாத்துத் திருவிழாவுக்கும் போகலாம். கருவிகளை அதற்கு முன்னால் வாங்க வேண்டாம், அங்கே நாலு பேருடைய கத்தியைக் கையில் பிடித்துப் பார்த்துவிட்டு உங்கள் கைக்கு எது ஒத்துவருகிறதோ அதை வாங்கிக்கொள்ளுங்கள். பழைய வாத்தை வாங்கினால் ஜன்னல் வெயில் படாத இடத்தில், ஹீட்டருக்குத் தள்ளி வையுங்கள். தலையைப் பிடித்துத் தூக்க வேண்டாம் என்று வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள்.